தனி மருத்துவர் நடத்தும் கிளினிக் இன்னொரு பெருந்தொற்றைத் தாங்குமா? 2020, 2021 கொரோனாக் காலத்தில் நடத்தியவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: "புதுக்கிளினிக்", விருதுநகர் மாவட்டம்

மூத்த மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடும்ப மருத்துவராக இருந்தவர் ஓய்வு பெறுகிறார். அவருடைய கிளினிக்கை வரும் தை மாதம் முதல் நான் எடுத்து நடத்துவதாகப் பேசி முடித்திருக்கிறோம். முன்னால் பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய கூடம், அதை ஒட்டிப் பரிசோதனை அறை, ஊசி போடவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் ஒரு சிறிய அறை, பின்பக்கம் ஒரு முற்றம், இவ்வளவுதான் இடம். செவிலியர் ஒருவரும், டோக்கன் கொடுத்து மாத்திரை எடுத்துத் தருபவர் ஒருவரும் வேலை செய்கிறார்கள்.

வரவு செலவு பார்த்தபோது 2020 ஏப்ரல் மாதக் கணக்கைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அந்த மாதம் எழுதுவதற்கு என்ன இருந்தது?" என்றார். அதற்கு மேல் துருவிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. 2021 மே மாதத்தில் நான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தேன். ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்சுகள் வாசலில் காத்து நின்றதை நேரில் பார்த்தவன். ஆனால் அந்த நோயாளிகள் எங்களிடம் வந்து சேர்வதற்கு முந்தைய ஐந்தாறு நாட்களில் ஏதோ ஒரு தெருமுனைக் கிளினிக்கில் யாரோ ஒருவர் அவர்களைப் பார்த்திருப்பார். அங்கே என்ன நடந்தது, அந்த மருத்துவர் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பது எனக்குத் தெரியாது.

வருகிறவர் கொடுக்கும் ஃபீஸைத் தவிர வேறு வருமானமே இல்லாத இடத்தில், வருகை நின்றுபோனபோது சம்பளத்தையும் வாடகையையும் எதை வைத்துக் கொடுத்தீர்கள்? காய்ச்சலோடு வருபவரும், சர்க்கரை நோய்க்கு மாத மாத்திரை வாங்க வருபவரும் ஒரே வாசலில் நுழைவதை எப்படிச் சமாளித்தீர்கள்? தொலைபேசியிலேயே மருந்து எழுதித்தந்தது முறையானதுதானா? கிளினிக்கை இப்போதே மாற்றி அமைக்கும் வாய்ப்பு இருப்பதால் கேட்கிறேன்.


பதில்: "வேப்பமரத்தடி", தேனி மாவட்டம்

அன்புள்ள இளம் மருத்துவருக்கு, உங்கள் மூத்தவர் சிரித்ததன் பொருள் எனக்குப் புரிகிறது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. அதற்கு முந்தைய வாரம் வரை ஒரு நாளைக்கு எழுபது பேரைப் பார்த்துக்கொண்டிருந்த நான், அடுத்த வாரம் எட்டுப் பேரைப் பார்த்தேன். ஊரில் நோய் குறைந்துவிடவில்லை. பேருந்து ஓடவில்லை, கூலி வேலை இல்லை, கிளினிக்குக்குப் போனால் ஸ்வாப் எடுத்து அழைத்துப்போய்விடுவார்கள் என்ற பயம் வேறு. வருகைக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைப்பவருக்கு வருகை நின்ற அன்றே வருமானமும் நின்றுவிடுகிறது. மாதக் கடைசி வரை கூட அவகாசம் கிடையாது.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டடம் சொந்தமானது என்பதால் வாடகைத் தொல்லை எனக்கு இல்லை. வேலை செய்த இருவருக்கும் முதல் மூன்று மாதங்கள் முழுச் சம்பளமும், அதன் பிறகு இரண்டு மாதங்கள் முக்கால் சம்பளமும் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். கருவிகளுக்காக வாங்கியிருந்த கடனின் தவணையை ரிசர்வ் வங்கி தள்ளிப்போட அனுமதித்தது. முதலில் மார்ச் முதல் மே வரை, பிறகு ஆகஸ்ட் 31 வரை. தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது என்பதைப் பலர் பின்னால்தான் கவனித்தார்கள். வட்டிக்கு வட்டியை மட்டும், இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, மத்திய அரசு பிற்பாடு திருப்பித் தந்தது.

அரசின் உத்தரவாதத்தோடு அவசரக் கடன் கொடுக்கும் திட்டம் ஒன்று 2020 மே மாதத்தில் வந்தது. சிறு தொழில் நிறுவனங்களுக்கென்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், தொழிலுக்காகத் தம் பெயரில் கடன் வாங்கியிருந்த மருத்துவர்களை ஆகஸ்ட் மாதத்தில்தான் சேர்த்தார்கள். அதிலும் பிப்ரவரி 29 அன்று நிலுவையிலிருந்த பழைய கடனில் இருபது விழுக்காடுதான் புதிதாகக் கிடைக்கும். அதாவது, கடனே வாங்காமல் கட்டுச்செட்டாகக் கிளினிக் நடத்தியவருக்கு அந்தத் திட்டத்தில் ஒரு பைசா கிடையாது! பக்கத்து ஊரில் இருந்த என் நண்பர், வாழ்நாளில் ஒரு கடன் கூட வாங்காதவர், இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஆறு மாதச் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் தனியாக ஒரு வைப்புத் தொகையாகப் போட்டுவைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முற்றம் இருக்கிறது என்று படித்தவுடன் மகிழ்ந்தேன். என் கிளினிக்கின் பின்னால் ஒரு வேப்பமரம் உண்டு. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து காய்ச்சல், இருமல், தொண்டைவலி என்று வருபவர்கள் அனைவரையும் பின்சந்து வழியாக வரச்சொல்லி, மரத்தடியில் எட்டடிக்கு ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்துப் பார்த்தேன். முன்வாசல் சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பிணிகள், காயம் என்று மற்றவர்களுக்கு. காய்ச்சல்காரர்களைக் கடைசியாகப் பார்ப்பேன். பார்த்து முடித்ததும் சட்டையை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் இழுக்கவைக்கும் நெபுலைசர் கருவியை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்திய இன்ஹேலரைப் பழக்கினேன். இந்த நோய் காற்றில் பரவுவது பற்றி உலக சுகாதார நிறுவனம் இழுத்து இழுத்துத்தான் ஒப்புக்கொண்டது. நாங்கள் அதைத் தெரிந்துகொண்டு மரத்தடிக்குப் போகவில்லை, உள்ளே இடம் போதவில்லை என்பதற்காகப் போனோம். அறிவால் அல்லாமல் இடநெருக்கடியால் தப்பித்தோம் என்றே சொல்ல வேண்டும்.

மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு அதிகபட்ச விலை பத்து ரூபாய் என்று அரசு 2020 மார்ச் மாதத்திலேயே ஆணையிட்டது. அந்த விலைக்கு எங்கள் ஊரில் ஒரு கடையிலும் கிடைக்கவில்லை. ஐந்து என்95 கவசங்களுக்கு எண் போட்டு, காகித உறையில் வைத்து, நாளுக்கு ஒன்றாகச் சுழற்றிப் பயன்படுத்தினோம். ஜூலையில் செவிலியருக்குத் தொற்று வந்தபோது ஒன்பது நாட்கள் மூடினேன்.

நான் உண்மையில் சொல்ல விரும்புவது இனிமேல்தான். நம் கிளினிக்குகளில் நோயாளியின் குறிப்பு நோயாளியின் பையில்தான் இருக்கிறது. சீட்டை அவர் கொண்டு வருவார், நாம் பார்த்து எழுதித்தருவோம், அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் வராமல் போனால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே நமக்கு நினைவில் இருக்காது. எனக்கு மட்டும் ஒரு நோட்டு இருந்தது. அது மருத்துவக் குறிப்பேடு அல்ல, பாக்கி நோட்டு. ஃபீஸ் பாக்கி வைத்தவர்களின் பெயர், தெரு, தொலைபேசி எண் ஆகியவற்றை டோக்கன் கொடுக்கும் பெண்மணி பல ஆண்டுகளாக எழுதிவைத்திருந்தார். அடிக்கடி வருபவர்தானே பாக்கி வைப்பார்? எனவே ஊரின் சர்க்கரை நோயாளிகளிலும் ஆஸ்துமாக்காரர்களிலும் முக்கால்வாசிப் பேர் அதில் இருந்தார்கள். ஏப்ரல் மாதத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தோம். இன்சுலின் தீர்ந்து பத்து நாட்களாகச் சும்மா இருந்தவர்கள் நான்கு பேரை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

2021 மே மாதத்தில் அதே நோட்டு வேறு விதத்தில் பயன்பட்டது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்கள் ஆறு வாங்கி, தொற்று உறுதியானவர்களின் வீடுகளுக்கு முறைவைத்துக் கொடுத்தனுப்பி, காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் அளவைக் கேட்டு நோட்டில் குறித்தோம். ஆறு நிமிடம் நடக்கச் சொல்லிப் பிறகும் பார்க்கச் சொன்னோம். 94க்குக் கீழே போனால் உடனே மாவட்டத் தலைமை மருத்துவமனை. மூச்சுத் திணறலே தெரியாமல் ஆக்சிஜன் குறைந்துகொண்டிருந்தவர்களை நீங்கள் படுக்கையில் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலரை இரண்டு நாட்கள் முன்னதாக அனுப்ப அந்த நோட்டு உதவியது. சிலரை அனுப்பியும் பயனில்லாமல் போனது. ஒரு வீட்டிலிருந்து ஆக்ஸிமீட்டரைத் திரும்ப வாங்கிவர என்னால் போக முடியவில்லை.


பதில்: "ஹட்சன் கரை", நியூ ஜெர்சி

மதுரையில் படித்து, இங்கே இரண்டு மருத்துவர்கள் கொண்ட ஒரு சிறிய குடும்ப மருத்துவ மையத்தை நடத்துகிறேன். உங்களிடம் நோயாளி கையில் பணம் தருகிறார், எங்களுக்குக் காப்பீடு தருகிறது என்பதுதான் வேறுபாடு. வருகைக்கு இவ்வளவு என்ற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதும் புற நோயாளி வருகை ஏறத்தாழ அறுபது விழுக்காடு சரிந்தது. பெருந்தொற்றின் நடுவில் மருத்துவ மையங்களே ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிய விந்தையை நான் கண்ணால் கண்டேன்.

அரசு உதவி வராமல் இல்லை. ஆனால் யாரிடம் வேகமாக மனுப்போடும் ஆட்கள் இருந்தார்களோ அவர்களுக்குத்தான் முதலில் வந்தது. ஊழியர் சம்பளத்துக்குப் பயன்படுத்தினால் திருப்பிச் செலுத்த வேண்டாத கடன் ஒன்றை ஏப்ரல் 3 அன்று தொடங்கினார்கள். அதற்கு ஒதுக்கிய 349 பில்லியன் டாலரும் ஏப்ரல் 16க்குள் தீர்ந்துவிட்டது. எங்கள் வங்கி விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பதற்குள் முதல் தவணை முடிந்துபோனது. இரண்டாம் தவணையில்தான் கிடைத்தது. மருத்துவர்களுக்கென்று ஒதுக்கிய நிதியில் முதல் 30 பில்லியனை, முதியோர் காப்பீடான மெடிகேரில் அவரவர் 2019இல் பெற்ற தொகையின் விகிதத்தில் பிரித்தார்கள். விரைவாகப் பிரிக்க அது எளிய வழி. ஆனால் குழந்தை மருத்துவர்களுக்கு மெடிகேர் நோயாளிகள் ஏது? அவர்கள் பல வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது.

எங்களைக் காப்பாற்றியது இன்னொரு சிறிய முடிவு. காணொலி வழியாகப் பார்த்தால் நேரில் பார்ப்பதற்கு இணையான கட்டணம் என்று மெடிகேரில் மார்ச்சிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆனால் எங்கள் எண்பது வயது நோயாளிகளுக்குக் கைப்பேசியில் பேச மட்டுமே தெரியும். வெறும் தொலைபேசி அழைப்புக்குக் கிடைத்தது 14 முதல் 41 டாலர். ஏப்ரல் 30 அன்று அதை 46 முதல் 110 டாலர் வரை உயர்த்தி, மார்ச் முதலே கணக்கிட்டுத் தருவதாக அறிவித்தபோது என் பங்காளி மருத்துவர் அலுவலகத்தில் கைதட்டினார். அதுவரை ஏறக்குறைய இலவசமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.


பதில்: "வடமேற்கு லண்டன்"

யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே குடும்ப மருத்துவராக இருக்கிறேன். மேலே தேனி மருத்துவர் சொன்ன நோட்டைப் படித்ததும் எழுதத் தோன்றியது, ஏனெனில் இந்த நாட்டில் அந்த நோட்டுக்குத்தான் பணமே தருகிறார்கள். இங்குள்ள குடும்ப மருத்துவ மையங்கள் பெரும்பாலும் மருத்துவர்களுக்கே சொந்தமான தனி நிறுவனங்கள். அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நடத்துகிறோம். எங்களிடம் பெயர் பதிந்தவர் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு தொகை உண்டு. 2020-21இல் அது தலைக்கு ஏறக்குறைய 93 பவுண்டு. வயது, நோய்ச்சுமை ஆகியவற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆகவே காத்திருப்புக் கூடம் வெறிச்சோடிய நாட்களிலும் எவருடைய சம்பளமும் நிற்கவில்லை. முகக்கவசத்துக்கும் மேலங்கிக்கும் நாங்களும் அல்லாடினோம் என்பது வேறு கதை.

யார் யார் வீட்டைவிட்டு வெளியே வரவே கூடாது என்று மார்ச் மாதத்தில் கடிதம் அனுப்பியபோதும், டிசம்பர் நடுவில் எண்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபோதும், பட்டியல் எங்கள் கணினியில் ஆயத்தமாக இருந்தது. பல மையங்கள் கூட்டாகச் சேர்ந்து ஊசி போட்டோம், ஊசிக்கு 12.58 பவுண்டு தந்தார்கள். பட்டியல் என்பதைக் கொஞ்சம் பெரிதாகவே சொல்கிறேன் என்று தோன்றலாம். பெயர் பதியாதவர்கள், விசா இல்லாதவர்கள், முகவரி மாற்றியவர்கள் ஆகியோர் எங்கள் கண்ணில் படவே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.


பதில்: "மூடியவள்", சென்னை

திறந்துவைத்தவர்களின் அனுபவத்தையே எல்லோரும் எழுதுகிறார்கள். நான் மூடியவள், அதற்காக வெட்கப்படவில்லை. அப்போது எனக்கு அறுபத்தொரு வயது, கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. கிளினிக் ஒரு வணிகக் கட்டடத்தின் முதல் மாடியில், சன்னல் இல்லாத குளிர்சாதன அறை. வேப்பமரம் எங்களுக்கு வாய்க்கவில்லை. அந்த அறையில் ஒரு நாளைக்கு நாற்பது பேரை வைத்துப் பார்த்திருந்தால் நானே நோயைப் பரப்பியிருப்பேன். மார்ச் கடைசியில் மூடியவள் செப்டம்பரில்தான் திறந்தேன். கட்டட உரிமையாளர் பாதி வாடகையைத் தள்ளுபடி செய்தார். அந்த நல்ல மனம் இல்லாதிருந்தால் நிரந்தரமாகவே பூட்டியிருப்பேன். 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவியபோது, கீழ்த்தளத்துக் கடைக்காரர்கள் என் பெயர்ப்பலகையையே கழற்றச் சொன்னார்கள்.

அந்தச் சூழலையும் சொல்ல வேண்டும். தொற்றால் இறந்த ஒரு மருத்துவரைச் சென்னையில் அடக்கம் செய்யச் சென்றவர்களை ஏப்ரல் மாதத்தில் கும்பல் கூடி அடித்தது. அதே வாரத்தில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்றது. நல்லது. ஆனால் இன்னொன்றில் தனி மருத்துவர்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்பேன். பணியில் தொற்று வாங்கி இறந்தால் ஐம்பது லட்சம் ரூபாய் காப்பீடு என்று அறிவித்த திட்டத்தில், அரசு கேட்டு அழைத்துப் பணியமர்த்தியிருந்தால்தான் தனியார் மருத்துவருக்கு இடம் என்றார்கள். கிளினிக்கைத் திறந்துவைக்கும்படி அறிவிப்பு மட்டும் வந்தது, அது அழைப்பாகாதாம்! நவி மும்பையில் கிளினிக்கைத் திறந்துவைத்து இறந்துபோன ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சில் ஏற்கவில்லை. அது உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகவே, தம்பி, கிளினிக்கைத் தொடங்கும் முன் உங்கள் பெயரில் ஆயுள் காப்பீடும் வருமான இழப்புக் காப்பீடும் எடுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் பெருந்தொற்றை விலக்கியிருக்கிறார்களா என்று அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

தொலைபேசி பற்றிக் கேட்டீர்கள். மூடியிருந்த ஐந்து மாதமும் நான் செய்தது அதுதான். ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டார்கள், எனவே அது முறையானதுதான். மருந்துகளை ஓ, ஏ, பி என்று மூன்று பட்டியலாகப் பிரித்திருக்கிறார்கள். பாரசிட்டமால், உப்புசர்க்கரைக் கரைசல் போன்ற ஓ பட்டியல் மருந்துகளை எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். ஏ பட்டியல் மருந்தை முதன்முறை எழுதக் காணொலியில் பார்த்திருக்க வேண்டும். பி பட்டியல், அதே நோய்க்கு உங்களிடம் நேரில் வந்து காட்டிய பழைய நோயாளிக்கு, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையில் கூடுதலாகச் சேர்ப்பதற்கு. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவற்றை எழுதவே கூடாது. பதிவு எண்ணோடு கையெழுத்திட்ட சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், நகலை வைத்திருக்க வேண்டும். நேரில் வாங்கும் ஃபீஸையே இதற்கும் வாங்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நான்தான் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு மாதம் வாங்காமல் இருந்தேன். மூன்றாவது மாதம் கூகுள் பே எண்ணைச் சீட்டின் அடியில் எழுதி அனுப்பினேன். முக்கால்வாசிப் பேர் கேட்காமலேயே அனுப்பினார்கள். 2021இல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, சுவரை உடைத்து இரண்டு சன்னல்களும் வைத்தபின், இரண்டாம் அலையில் ஒரு நாள் கூட மூடவில்லை.


மறுமொழி: "புதுக்கிளினிக்"

அனைவருக்கும் நன்றி. காத்திருப்புக் கூடத்தில் குளிர்சாதனம் வைக்கலாம் என்று வரைந்திருந்த திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக முற்றத்துக்குத் தகரக் கொட்டகை போட்டு, பின்பக்கம் ஒரு வாசலும் கை கழுவும் தொட்டியும் வைக்கப்போகிறேன். மூத்தவரிடம் பாக்கி நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். கிட்டத்தட்ட நானூறு பெயர்கள், எண்களில் பாதி இப்போது வேலை செய்யவில்லை. தேனி ஐயாவிடம் ஒரு கேள்வி: இவர்களை அழைத்துக் குறிப்புகளைச் சேகரிக்கும்போது பழைய பாக்கியைப் பற்றிப் பேசலாமா?


பதில்: "வேப்பமரத்தடி"

பேசாதீர்கள். முதல் அழைப்பிலேயே பாக்கியைக் கேட்டால், மீதமுள்ள பாதிப் பேரும் எண்ணை மாற்றிவிடுவார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பெயரையும் நோயையும் மருந்தையும் புதிய நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் இன்னொருவருடைய எண்ணையும் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள். கணினியில் ஏற்றினாலும் காகித நோட்டு ஒன்று இருக்கட்டும். எங்கள் ஊரில் மின்சாரம் போகும் நேரத்தில்தான் அழைப்புகள் வரும்.